ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டால்

2004-இல் அமெரிக்காவில் ஒரு விசித்திரம் நடந்தது. வட கரோலினா மலைப்பக்கம் பூன் என்கிற சின்ன ஊர். அங்கே அப்பலாச்சியன் ஸ்டேட் என்று ஒரு அரசுப் பல்கலைக்கழகம். அந்த மாணவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, தங்கள் பீஸைத் தாங்களே கூட்டிக்கொண்டார்கள். பீஸைக் குறைக்கச் சொல்லிக் கொடி பிடித்த கதை நமக்குத் தெரியும். கூட்டச் சொல்லி ஓட்டுப் போட்ட கதையை யாராவது கேட்டதுண்டா?

செமஸ்டருக்கு 5 டாலர். அந்தக் காசில் வளாகத்துக்குள்ளேயே சோலார், காற்றாலை என்று போடுவதுதான் ஏற்பாடு. 2009-இல் 100 கிலோவாட் காற்றாலை ஒன்றை மேட்டில் நட்டே விட்டார்கள். இதற்கு முன்னாலேயே, 2000-இல், கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக மாணவர்கள் செமஸ்டருக்கு 1 டாலர் கூடுதலாகக் கட்டிக் காற்றாலை மின்சாரம் வாங்குவதற்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2007-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் செமஸ்டருக்கு 5 டாலர் என்று ஒரு பசுமை நிதியைத் தொடங்கினார்கள். எந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் மாணவர்கள்தான் பெரும்பான்மை.

இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை: இதை எங்கள் ஊர்ப் பக்கம், அருப்புக்கோட்டையில் செய்தால் என்ன? இரண்டாவது யோசனை: செய்தால் அந்தப் பணம் என்ன ஆகும்? இரண்டாவதுக்கு விடை கண்டுபிடிக்காமல் முதலாவதைத் தொடக்கூடாது என்பதுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வெயிலுக்குப் பஞ்சமில்லை

அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே பந்தல்குடி, கிழக்கே திருச்சுழி, அதைத் தாண்டி நரிக்குடி, கமுதி. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரிசலும் செவலும் மாறி மாறி வரும் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை விழுந்தால் கம்மாய் பாதி நிறையும். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்போம். மற்ற மாதமெல்லாம் வெயில்தான் வெள்ளாமை. வெகுகாலம் அந்த வெயிலில் நன்றாக விளைந்தது சீமைக்கருவேலம் ஒன்றுதான். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இன்றும் உண்டு.

பிறகு வெயிலையே அறுவடை செய்ய ஆள் வந்தார்கள். 2016 செப்டம்பரில் கமுதி பக்கம் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், 4,550 கோடி ரூபாய் முதலீடு. கட்டி முடிக்க எட்டு மாதம். அப்போது ஒரே இடத்தில் இருக்கும் சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது. பேனலைத் துடைக்க ரோபோ ஓடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ கம்பெனிகள் வந்து, தரிசாகக் கிடந்த புஞ்சையெல்லாம் கம்பி வேலிக்குள் போய்விட்டது.

நான் அந்த நிலையங்களைக் குறை சொல்ல வரவில்லை. அனல் மின் நிலையத்துக் கரியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மின்சாரம் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையத்துக்குப் போய் மாநிலத்து வலைப்பின்னலில் கலந்துவிடுகிறது. வேலிக்கு வெளியே ஆடு மேய்ப்பவருக்கு அதில் கிடைப்பது பேனலின் பளபளப்பு மட்டும்தான். அந்த வழியாகத் தினமும் காலேஜ் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கும் அதேதான். அந்தப் பிள்ளை படிக்கிற கல்லூரியோ பகல் முழுக்க ஃபேனுக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் காசு கொடுத்துக் கரண்ட் வாங்குகிறது, தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான சதுர அடி மொட்டை மாடி சும்மா காய்ந்துகொண்டிருக்க.

ஆக, வெயில் இருக்கிறது, மாடி இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இல்லாதது முதல். அதை யார் போடுவது?

இது நமக்குப் பழைய பழக்கம்

அமெரிக்கப் பிள்ளைகள் செய்ததைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். சிறுகச் சேர்த்துப் பெரிதாகக் கட்டுவதில் இந்தச் சீமை யாருக்கும் சளைத்ததில்லை.

அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம் என்று இந்த வட்டாரத்து நாடார் உறவின்முறைச் சங்கங்கள் நடத்திய மகமையைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். வியாபாரம் செய்கிறவர் ஒவ்வொருவரும் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுவில் வைத்துவிட வேண்டும். முதலில் அது வண்டி நிறுத்தும் பேட்டைக்கும் அதன் பராமரிப்புக்கும் போனது. பிறகு கிணறு, பள்ளிக்கூடம், கல்லூரி. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அதை வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். அருப்புக்கோட்டையில் இன்றிருக்கும் எஸ்.பி.கே. கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் இப்படிச் சமூகங்கள் கூடி எழுப்பியவைதான்.

அதை அப்படியே பிரதி எடுக்கச் சொல்லவில்லை. மகமை ஒரு சாதிக் கட்டுமானத்துக்குள் நின்ற ஏற்பாடு. கல்லூரி வகுப்பறையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே சேர்க்கும் பணத்துக்கு அந்த வேலி இருக்கக்கூடாது. ஆனால் மகமையில் ஒரு நேர்த்தி இருந்தது. காசு போட்டவன் கணக்குக் கேட்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று, போன வருசத்து மகமை எங்கே போனது என்று கேட்கிற உரிமை அவனுக்கு இருந்தது. நான் மகமையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது அதைத்தான்.

மின்சாரத்திலேயே உதாரணம் வேண்டுமா? மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. 2006-இல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி மிச்சம் பிடித்து வைத்திருந்த 40 லட்சம் போக மீதியை வங்கியில் கடன் வாங்கினார்கள். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் சண்முகம். வருசத்துக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் அளவுக்கு உற்பத்தி. ஊருக்குத் தேவையானது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். காற்றாலை நிற்பது ஓடந்துறையில்கூட இல்லை, உடுமலைப்பேட்டை பக்கம், காற்று நன்றாக வீசுகிற இடத்தில். ஆனால் சொத்து ஊராட்சியின் பேரில். வந்த வருமானம் ஊராட்சிக் கணக்கில். அது வெற்றியானதற்குக் காற்று ஒரு காரணம் என்றால் இந்த இரண்டு வரி இன்னொரு காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2,000 பேர் படிக்கிற ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு செமஸ்டருக்கு 50 ரூபாய். வருசத்துக்கு 2 லட்சம்.

ஒரு கிலோவாட் சோலார் போட 60,000 ரூபாய், அதற்கு 100 சதுர அடி மாடி என்று வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தாராளமாகக் கொடுக்கும். வருசத்துக்கு 1,500 யூனிட் என்று எடுத்துக்கொள்வோம். கல்லூரி யூனிட்டுக்கு 8 ரூபாய் கட்டுவதாக வைத்தால், ஒரு கிலோவாட்டால் வருசத்துக்கு 12,000 ரூபாய் பில்லில் குறையும். போட்ட காசு அஞ்சு வருசத்தில் வந்துவிடும். பேனலுக்கு ஆயுள் 25 வருசம்.

இதுவரை எந்தக் கம்பெனிக்காரரும் சொல்கிற கணக்குதான். இனிமேல்தான் விஷயம்.

வருசா வருசம் 2 லட்சம் வசூலாகி, குறைந்த பில்லின் பலனைக் கல்லூரி நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது என்றால், அஞ்சு வருச முடிவில் மாடியில் இருப்பது 17 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குப் பதிலாக, மிச்சமான பணத்தை நிர்வாகம் ஒவ்வொரு வருசமும் அந்த நிதிக்கே திருப்பிக் கட்டி, அதையும் சேர்த்துப் பேனல் வாங்கினால், அதே அஞ்சு வருசத்தில் 25 கிலோவாட். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாணவர் போட்டது இரண்டிலும் அதே 10 லட்சம்தான். ஆறாவது வருசத்திலிருந்து பிள்ளைகளிடம் ஒரு பைசாகூட வாங்காமலே அந்த நிதிக்கு வருசத்துக்கு 3 லட்சம் வரும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2001-லிருந்து இப்படி ஒரு சுழல் நிதி வைத்து நடத்தியது, பின்னால் அது 1 கோடியே 20 லட்சம் டாலராக வளர்ந்தது. அங்கே போட்டது பல்கலைக்கழகத்தின் பணம். துறைகள் அதிலிருந்து கடன் வாங்கி, மின்சாரத்திலும் தண்ணீரிலும் மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தில் கடனை அடைத்தன. அவ்வளவு பணக்காரப் பல்கலைக்கழகமே மிச்சத்தைத் திரும்ப வாங்குகிறது. நெசவாளி பிள்ளையும் கரிமூட்டக்காரர் பிள்ளையும் போட்ட 50 ரூபாயில் வந்த மிச்சத்தை நாம் மட்டும் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது இது ஒன்றுதான். சோலார் போடுவது சுலபம். காசு யாருடையதோ, மிச்சமும் அவர்கள் கைக்கு வர வேண்டும். இந்த ஒரு வரி எழுத்தில் இல்லாவிட்டால், மாணவர் நிதி என்பது கல்லூரியின் கரண்ட் பில்லுக்குப் பிள்ளைகள் எழுதுகிற மொய்.

முதலில் மாடிக்கு ஏறாதீர்கள்

கொஞ்ச காலம் ஒரு கல்லூரி விடுதியில் பராமரிப்பு வேலையை மேற்பார்வை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். சோலார் போட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் ஆசை. ஆனால் ரூமுக்கு ரூம் ஓடியது 75 வாட் இழுக்கிற பழைய ஃபேன். கையை வைத்தால் மோட்டார் சுடும். அந்த 75 வாட்டில் ஒரு பங்கு காற்றாகாமல் சூடாகிப் போகிறது என்று அர்த்தம்.

இப்போது பி.எல்.டி.சி. ஃபேன் வந்துவிட்டது. அதே காற்றுக்கு 30 வாட் போதும். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். விலை 2,800 ரூபாய் என்று வைப்போம்.

வகுப்பறையில் ஃபேன் ஒரு நாளைக்கு 7 மணி நேரம், வருசத்துக்கு 200 நாள் ஓடும். மிச்சம் 63 யூனிட், சுமார் 500 ரூபாய். போட்ட காசு திரும்ப அஞ்சரை வருசம். விடுதியில் 15 மணி நேரம், 280 நாள். மிச்சம் 189 யூனிட், 1,500 ரூபாய். ரெண்டு வருசத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 60,000 ரூபாய்க்கு ஒரு கிலோவாட் சோலார் போட்டால் வருசத்துக்கு 12,000 மிச்சம். அதே 60,000-க்கு விடுதியில் 21 ஃபேன் மாற்றினால் வருசத்துக்கு 31,000-க்கு மேல். இரண்டரை மடங்கு! ஃபேன் மாற்றுவதற்கு மின்வாரிய அனுமதி வேண்டாம், கிரேன் வேண்டாம், ரிப்பன் வெட்ட ஆள் கூப்பிட வேண்டாம்.

கடைசியில் சொன்னதுதான் சிக்கலே. ஃபேனுக்குத் திறப்பு விழா கிடையாது. மாடியில் பேனல் போட்டால் போட்டோ எடுக்கலாம். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது, மாற்று எரிசக்தி வசதி உண்டா என்கிற கேள்விக்கு நேராக டிக் அடிக்கலாம். இப்படி டிக் அடிப்பதற்காகப் போட்ட நாலு பேனலும், பேட்டரி செத்துப்போன சோலார் விளக்குக் கம்பமும் இல்லாத வளாகம் நம் மாவட்டத்தில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மாணவர் நிதிக்கு அந்த மினுக்கு தேவையில்லை. முதல் வருசப் பணம் முழுக்க விடுதி ஃபேனுக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் போகட்டும். வருகிற மிச்சத்தோடு ரெண்டாம் வருசம் மாடிக்கு ஏறலாம்.

மாடிக்கு ஏறிய பிறகு

ஏறினால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் இருப்பது ஒன்பதரை டிகிரி அட்சரேகை. பேனலைத் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்த்தால் போதும். சாய்வு குறைச்சல் என்பதால் தூசி தானாக வழியாது. ஆனி, ஆடிக் காற்றில் கரிசல் தூசி மாவு மாதிரி படியும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்துவிட்டால், கரைந்த தூசியெல்லாம் கீழ்ப்பக்கத்துச் சட்டத்தில் வந்து தேங்கிக் காய்ந்து, ஒரு விரல்கடை அகலத்துக்கு மண்வரி கட்டிவிடும். பார்ப்பவருக்குப் பேனல் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பவை. அடி வரிசை மறைந்தால் அந்த வரிசையோடு நிற்காது, மேலே நன்றாக வெயில் வாங்குகிற செல்களின் மின்சாரமும் சேர்ந்து இறங்கும். ஒரு ஈரத்துணியால் அந்த வரியை மட்டும் இழுத்துவிட்டால் இன்வெர்ட்டரில் எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மயில் எச்சத்துக்கும் இதே கதிதான். எங்கள் பக்கம் மயிலுக்குக் குறைவில்லை.

துடைக்க வேண்டிய நேரம் விடியற்காலை. உச்சி வெயிலில் சுடுகிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும் அபாயம் உண்டு. தண்ணீரையும் யோசிக்க வேண்டும். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் பேனலைக் குளிப்பாட்ட முடியாது. நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் வைப்பரும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் ஆகாது, வெள்ளை வெள்ளையாகப் படியும்.

இன்னொன்று. வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம் என்று நினைப்பு. வெளிச்சம் வேறு, சூடு வேறு. செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் அளவில் குறையும். அக்னி நட்சத்திரத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் போகும். அப்படிப் பார்த்தால் 14 சதவீதம் அங்கேயே போச்சு. அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்று ஓட இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

கல்லூரிக்கு சோலார் பொருந்துவதற்குக் காரணம், தேவை பகலில் இருப்பது. காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை வெயிலும் வகுப்பும் கூடவே நடக்கின்றன. பொருந்தாத இடமும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை, கோடை விடுமுறை. நல்ல வெயில் அடிக்கிற மே மாதத்தில் வளாகம் காலி. அப்போது உற்பத்தி மின்வாரியக் கம்பிக்குள் போகும். வீடுகளுக்கு உள்ள நெட் மீட்டரிங் (அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிப்பது) வேறு, கல்லூரி மாதிரி இணைப்புகளுக்கு உள்ள விதி வேறு. கல்லூரி கம்பிக்குள் அனுப்புகிற யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, வாங்குகிற யூனிட்டின் விலையைவிடக் குறைவு. வீடுகளுக்கு 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கல்லூரிக் கட்டடத்துக்கு அது கிடையாது. எனவே கிடைத்த மாடியெல்லாம் நிரப்பாமல், பகலில் எப்படியும் செலவாகிற அளவுக்கு மட்டும் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்றும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓடாது. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் உயிர் காக்கும் ஏற்பாடு அது. இதை முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் கரண்ட் கட்டிலேயே, காசு கொடுத்தும் ஃபேன் சுற்றவில்லையே என்று சண்டை வரும்.

மழையும் கணக்கில் வரட்டும்

நிதி என்றால் சோலாரோடு நிற்க வேண்டுமா? பெர்க்லியில்கூட நிதி பலவிதமான வேலைகளுக்குப் போகிறது. நம் ஊரில் கரண்டைவிடத் தண்ணீர்தான் பெரிய தலைவலி. 10,000 சதுர அடி மாடியில் வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 7 லட்சம் லிட்டருக்கு மேல். ஆவியாவதும் சிந்துவதும் போனாலும் 5 லட்சம் தேறும். 12,000 லிட்டர் லாரியில் 40 லோடுக்கு மேல்.

2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது எல்லோரும் குழாய் இறக்கினோம். அந்தக் குழாய் இப்போது எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். பல இடத்தில் சாக்கடையில், சில இடத்தில் பாதியில் உடைந்து சுவரோரம். அதைச் சரிசெய்ய ஆகிற செலவு நாலு பிவிசி குழாய், ரெண்டு வளைவு, ஒரு வடிகட்டித் தொட்டி. வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஊருணி இருந்தால், மாடித் தண்ணீரை அங்கே கொண்டுபோய் விட ஊராட்சியோடு பேசலாம். அப்போது மாணவர் காசு மதில் சுவரைத் தாண்டி ஊருக்கும் போகும்.

ஓட்டு இல்லாத பீஸ்

இனி கசப்பான பகுதி.

அமெரிக்காவில் நடந்ததில் டாலரை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாக ஆகும். அங்கே மாணவர்கள் ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்று ஓட்டுப் போடவும் அவர்களுக்கு இடம் இருந்தது. இங்கே? மாணவர் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று லிங்டோ குழு 2006-இல் அறிக்கை கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் எத்தனை வளாகத்தில் பிள்ளைகள் ஓட்டுப்பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள்? மாணவர் பேரவைத் தலைவர் என்பவர் பெரும்பாலும் துறைத்தலைவர் கைகாட்டிய நல்ல பிள்ளை. அவரை வைத்து, மாணவர்களே ஏகமனதாகக் கேட்டுக்கொண்டார்கள் என்று எழுதி வாங்க அஞ்சு நிமிசம் ஆகாது.

அடுத்தது சட்டம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க 1992-இலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அது இருப்பது நல்லதுதான். பசுமை என்று பெயர் வைத்து இன்னொரு ரசீது அடிக்க யாருக்கும் வழி இருக்கக்கூடாது. எங்கள் மாவட்டத்தில் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022-லிருந்தும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024-லிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரத்தை நம்பி பஸ் பாஸும் புத்தகமும் வீட்டுச் செலவும் காத்திருக்கின்றன. அதில் கைவைக்கும் திட்டமாக இது மாறினால், முதலில் எதிர்க்கிறவன் நானாக இருப்பேன்.

அதனால் இது விருப்பப் பங்காக மட்டும்தான் இருக்க முடியும். பிடி அரிசியும் அப்படித்தான். இன்றைக்கு உலையில் போடவே அரிசி இல்லை என்றால் வைக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் பட்டியல், கொடுக்காதவர் பட்டியல் என்று எதுவும் ஒட்டக்கூடாது. 2,000 பேரில் 600 பேர்தான் கொடுத்தார்கள் என்றால் வருசத்துக்கு 60,000. அதற்கு விடுதியில் 21 ஃபேன் மாற்றலாம் என்று மேலே பார்த்தோமே. அதுவும் ஒரு தொடக்கம்தான். பழைய மாணவர்களிடம் போனால் இன்னும் வரும். திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் கோயில் கொடைக்கு அனுப்புவதில் ஒரு சின்னப் பங்கை இதற்கும் அனுப்பத்தான் செய்வார்கள், கணக்கு ஒழுங்காக இருந்தால்.

கணக்கு ஒழுங்காக இருக்க என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்தவரை நாலு விஷயம். நிதி தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், காசோலையில் ஒரு மாணவர் கையெழுத்தும் வேண்டும். சோலாருக்கும் மாற்றிய ஃபேன்கள் ஓடுகிற விடுதிக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும், இல்லையென்றால் மிச்சம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மிச்சத்தை வருசத்துக்கு ஒரு முறை நிர்வாகம் நிதிக்குக் கட்டுவதாக எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மாணவர்கள் மூன்று வருசத்தில் போய்விடுவார்கள், பேனல் 25 வருசம் இருக்கும். ஆகவே முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது மூன்றாம் ஆண்டுக்காரர் கடமை.

காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஃபிசிக்ஸ் படிக்கிற பிள்ளை இன்வெர்ட்டர் எண்ணைக் குறித்து, தூசியால் எவ்வளவு போகிறது என்று புராஜெக்ட் செய்யலாம். அதற்கு எங்கிருந்தோ டேட்டா இறக்க வேண்டியதில்லை, மாடிப்படி ஏறினால் போதும்.

நாளைக்கே தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஐம்பது ரூபாயைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் கல்லூரியின் ஒரு வருசத்துக் கரண்ட் பில்லை, மாதவாரியாக, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்குச் செலவு பன்னிரண்டு ஜெராக்ஸ். ஒட்டினார்கள் என்றால் உட்கார்ந்து பேசலாம், கூட்டாளி கிடைத்துவிட்டார். அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள் என்றால், அந்த ஐம்பது ரூபாயைப் பத்திரமாகப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.